கெம்பி கேட்டது

அய்யன்கொல்லிப் பள்ளிக்கூடத்தில்
பெஞ்சுகளை ஒதுக்கி மூன்று மேசை போட்டிருந்தார்கள்.
ஐஸ் பெட்டி, ஊதா மூடிக் குழாய்கள்,
பதினோரு பக்க ஒப்புதல் படிவம்.
நாளுக்கு எண்ணூறு ரூபாய் கூலிக்கு
இரண்டு பாஷைக்கும் நடுவில் நான்.

"எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்"
என்ற வரி வந்தபோது
கெம்பி சன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தாள்.
கூட்டிவந்த ஜீப்.
கொண்டுவிட வேண்டியதும் அதுதான்.

பிறகு கேட்டாள்:
"வேண்டாம்னு சொன்னா
பையனுக்கு மாத்திரை உண்டா?"

டாக்டர் இங்க்ரிட் நல்லவர்.
காலையில் தன் மழைக்கோட்டைக் கழற்றி
யாரோ ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட்டவர்.
கேட்டிருந்தால் உண்டு என்றுதான் சொல்லியிருப்பார்.
வாசலில் இன்னும் நாற்பது பேர்.
மஞ்சு தேயிலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது.
"என்ன சொல்கிறார்?" என்றார்.
"சரி என்கிறார்" என்றேன்.

கட்டைவிரல் நீல மையில் அழுந்தியது.

ஆறு மாதம் மாத்திரை வந்தது.
பையன் முட்டி வீங்காமல்
சேரம்பாடி வரை நடந்து போய்
பந்தாட்டம் பார்த்துவிட்டு
நடந்தே திரும்பினான்.
ஏழாம் மாதம்
ஆய்வு முடிந்ததென்று நன்றிக் கடிதம் வந்தது.
அதை
ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

நேற்றுச் சந்தையில் கெம்பி.
"அந்த டப்பாவுலதான் உப்பு வச்சிருக்கேன்.
நல்ல மூடி,
எவ்வளவு மழைக்கும் ஈரம் ஏறலை" என்றாள்.

பையனைப் பற்றி
அவளும் சொல்லவில்லை.
உப்பு என்ன விலை என்று
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.