நாலாம் குளம், மூன்று மணி பத்து

பனிச்சங்கேணியில் விடியப்புறம் மூன்று மணிக்குத்தான்
தண்ணீரின் மூச்சு அடியைத் தொடும்.
பகலில் கொடுத்ததைப் பாசி
இருட்டில் திரும்பக் குடித்துவிடும்.
அதைப் பார்த்திருக்கவென்று நான் செய்த பெட்டிக்கு
இருபது கிலோபைட் நினைவு.
கைபேசியில் வரும் காலை வணக்கப் பூப்படம்
அதைவிடப் பெரிது.

இருபதுக்குள் ஐந்து பேர் குடியிருப்பு.
ஒட்சிசன் அளப்பவன், சக்கரம் சுழற்றுபவன்,
குறுஞ்செய்தி அனுப்புபவன்,
நடந்ததை அட்டையில் எழுதுபவன்.
ஐந்தாமவன் முதலாளி தவராசசிங்கம் கேட்டு வந்தவன்:
திரையில் ஏறி இறங்கிக் கோடு கீறுவான்.
"வாறவங்களுக்குக் காட்ட வேணும் புள்ள."
அவனுக்கு இடம் தேடி
சக்கரக்காரனின் பாயில் பாதியைச் சுருட்டினேன்.
முடங்கிப் படுத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு கிருபைராசா எடுத்தார்.
"நாலாம் குளத்தில இறால் கரைக்கு வந்திட்டுது.
சக்கரம் நிக்குது. கோடு மட்டும் வடிவா ஓடுது."

ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டியில்,
ஓட்டமாவடிப் பாலம் தாண்டியும்
நான் பாயைத்தான் சந்தேகித்தேன்.

பாயில் பிழையில்லை.
அட்டையின் சாவி எழுதுபவன் கையில்,
வரிசையில் ஆகக் கடைசி ஆள்.
அதே சாவிக்கு வாசலில் நிற்கிறான் அளப்பவன்,
வரிசையில் முதல் ஆள்.
எழுதி முடித்தால் கொடுத்துவிடுவான்.
எழுத விட்டால்தானே,
நடுவில் நிற்கிறவன் கீறிக்கொண்டே இருக்கிறான்.
ஒருத்தனும் ஒழுங்கு மீறவில்லை.
நான் போட்ட ஒழுங்கு அது.
அதற்குள் பதினொரு நிமிடம் தண்ணீர் மூச்சுவிடவில்லை,
கிருபைராசா வயரை நேராகக் குத்தும்வரை.

காவல் நாய்?
குரைக்கவில்லை.
அதற்குச் சோறு போட்டதும் கோடு கீறுபவன்தான்.

வரம்பில் குந்தி, மடிக்கணினியில் நுளம்பு மொய்க்க,
மாற்றி எழுதினேன்:
சாவி வைத்திருப்பவனுக்கு
வாசலில் நிற்பவனின் அவசரம் கடனாகப் போகட்டும்,
கதவு திறக்கும்வரை மட்டும்.
நாய்க்கு எல்லாருமே சோறு போடவேண்டும்,
ஒருத்தன் தவறினாலும் கடிக்கட்டும்.
கோட்டை அழித்தேன்.
சக்கரக்காரன் காலை நீட்டிப் படுத்தான்.
மிச்சம் இருநூற்றுச் சொச்சம் பைட்.
அதை எவனுக்கும் கொடுக்கவில்லை.

விடிய வந்தார் தவராசசிங்கம்.
திரையில் வெறும் நாலு தசம் ஆறு.
"கோடு எங்க?"

கிருபைராசா செத்த இறாலை
வாளிக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
நிமிராமலே சொன்னார்,
"இந்தா, இதுக்குள்ள கிடக்கு."