விருந்தினர் இணைப்பு

கம்பளிச் சுவர் அலையைத் தடுக்காது.
இரும்பென்றால் அங்கேயே நின்றுவிடும்.
உலான்பாத்தர் மேட்டுக் கூடாரங்களில்
ஒன்பது குளிர்காலம் ரவுட்டர் மாட்டி
நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

துலம்சுரேன் வீட்டுக்குப் போன அன்று
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மேடேறி முடிப்பதற்குள்
துளைபோடும் கருவியின் பேட்டரி செத்துவிட்டது.
அதைச் சட்டைக்குள் வைத்து
முட்டைபோல் அடைகாத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
அவள் சிரித்துக்கொண்டே உப்புத் தேநீர் ஊற்றினாள்.

எங்கே மாட்ட?
நடுத்தூண் இரண்டுக்கும் இடையே ஆகாது,
அங்கே கைகூட நீட்டமாட்டோம்.
வடக்கே புத்தரும் மாமனார் படமும்.
"அவர்களுக்கு நடுவே மின்னினால்
இதையும் கும்பிட வேண்டிவரும்" என்றாள்.
கடைசியில்
உலர்தயிர்ச் சரம் தொங்கும் கூரைக்கழியில்,
அடுப்புக்கும் புகைக்குழாய்க்கும் ஒதுங்கி,
சிம் செருகிய வெள்ளைப் பெட்டி.
பச்சைக் கண் மூன்று. ஆரஞ்சு ஒன்று.

லூபெக் என்ற ஊரில்
கதவுக்குமிழ் விற்கும் கம்பெனிக்கு
இவள் கணக்கு எழுதுகிறாள்.
அவர்களுக்குக் காலை ஒன்பது,
இவளுக்கு மாலை நாலு.
கம்பளிச் சுவர் தெரியாதிருக்க
முகத்துக்குப் பின்னால்
புத்தக அலமாரி ஒன்றைப் படமாக விரித்திருப்பாள்.
அடுப்பில் கரி வெடித்தால்
சட்டென்று மைக்கை அடைப்பாள்.

மூன்றாம் வாரம் போன் வந்தது.
"என் உதடு அசைகிறதாம்,
சொல் மெதுவாகப் பின்னால் வருகிறதாம்."
அணையுங்கள், முப்பது எண்ணுங்கள் என்றேன்.
வாய்விட்டே எண்ணினாள்.
பத்தொன்பதில் ஓர் இருமல்.
இருபத்துநாலில் யாரோ கதவு திறக்க
நாய்க்குரைப்பு உள்ளே வந்து திரும்பிப் போனது.
முப்பது.
விளக்கு எரிந்தது. சொல் பின்னால்தான் வந்தது.

நேரில் போய்ப் பட்டியலைத் திறந்தேன்.
இவள் கணினி, இவள் போன்,
அதற்கும் கீழே பதினொரு பேர்.
"இதெல்லாம் யார்?"
வேலிப் பக்கம் மோவாயை நீட்டினாள்.

பலகை வேலிக்கு அப்பால்
கவிழ்த்த வாளிகளின் மேல் பிள்ளைகள்.
கையுறையிலிருந்து ஒற்றை விரல் மட்டும் வெளியே.
புகை அதிகமென்று பள்ளியை மூடியிருந்தார்கள்,
பாடம் போனில் வரும்.
ஆகவே புகைக்குள் உட்கார்ந்து
பின்னங்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.
"எனெரெல்தான் முதலில் கேட்டாள்.
எட்டே எழுத்து. சொல்லிவிட்டேன்."

கடவுச்சொல்லை மாற்றிவிடுகிறேன் என்றேன்.
இரண்டு நிமிட வேலை.
அவள் பேசவில்லை.
கரி அள்ளிப் போட்டு
அடுப்பு மூடியைச் சற்று ஓங்கிச் சாத்தினாள்.

ஆகட்டும் என்று
பெட்டிக்குள் இன்னொரு வாசல் திறந்தேன்.
விருந்தினருக்கென்று ஒரு வசதி, எல்லாப் பெட்டியிலும் உண்டு,
காபிக்கடைக்காரர் தவிர யாரும் கேட்டதில்லை.
பூட்டில்லை, அளவுண்டு.
பாடம் ஓடும். சினிமா திக்கும்.
நாலு முதல் ஆறு வரை
லூபெக்குக்கே முதல் வரிசை.
என்ன பெயர் வைக்க?
யோசிக்காமல் சொன்னாள்:
"உள்ளே வாருங்கள்."

நான் வெளியே வந்தபோது
திருடனைப் பிடிக்க வந்தவனைப்போல்
என்னைப் பார்த்தார்கள்.
எனெரெல் போனைப் பார்த்தாள்.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
வேலியைப் பார்த்தாள்.
பிறகு எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டாள்.
எங்கள் ஊரில் கதவு தட்டுவதில்லை,
"நாயைப் பிடியுங்கள்!" என்று கத்துவோம்.
கத்தினாள்.
பின்னால் மற்ற வாளிகளும் நடந்தன.

போன மாதம் கட்டணத்துக்குப் போனேன்.
கூட்டம் நடந்துகொண்டிருந்தது.
திரையில் புத்தக அலமாரியின் நடுவே
ஒரு கம்பளிக் குல்லாய் முளைத்தது, கரைந்தது.
இன்னொரு காது.
லூபெக்கில் யாரோ ஏதோ கேட்டார்கள்.
அவள் ஒரு நொடி தயங்கி
அலமாரியை அணைத்தாள்.

பெட்டி மாட்டியது இந்தப் பக்கம்.
அடுப்பு குறுக்கே இல்லை.
எல்லோருக்கும் சிக்னல் முழுசு.