நரம்பு

மாதம் ஒருமுறை வரும் மருத்துவப் படகு
இந்த முறை எட்டு நாள் தாமதம்.
சிலோயேத் தீவுகளில் மழைக்குக் காலண்டர் கிடையாது.
எனக்கு உண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ரத்தம், கால்.
வருடத்துக்கு ஒருமுறை கண்.

ஒனோஃப்ரே பூட்ஸைக் கழற்றுகிறார்.
அதற்குள் கம்பளி உறை, அதற்குள் இன்னொன்று,
அதற்குள் ஐம்பது வருடம் சிப்பி அள்ளப் போன கால்.
கண்ணை மூடுங்கள், தொடும்போது சொல்லுங்கள் என்கிறேன்.
என் கையில் இருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.
"இது தங்கூசிதானே நர்ஸம்மா,
எத்தனை கிலோ மீன் தாங்கும்?"
பத்து கிராமுக்கே வளைந்துவிடும்.
"அப்படியானால் பட்டினிதான்."

கட்டைவிரல்.
ஆம்.
நடுவிரல்.
ஆம்.
நான் தொடாமல் காத்திருக்கிறேன்,
மேல்தட்டில் மழை.
ஆம்.

எடெல்மிரா என்னைப் பார்க்கிறாள்.
நானும் அவளைப் பார்க்கிறேன்.
கண் மூடிய அவள் கணவர்
யாரும் கேட்காத இன்னொரு ஆம் சொல்கிறார்.

நரம்பைக் கொண்டு நரம்பைத் தேடும் வேலை இது.
கோடையில் பத்துக்குப் பத்து.
ஈஸ்டரில் ஒன்பது.
இன்று, பொய்களைக் கழித்தால், ஏழு.
ஒரே ஒரு அலையைப் பார்த்து
ஏற்றமா வற்றமா என்று அவரே சொல்லமாட்டார்.
என் அட்டையில் மூன்றாவது வரி விழுந்த பிறகுதான்
எனக்கும் தெரிந்தது, நீர் எந்தப் பக்கம் போகிறதென்று.

பூட்ஸைக் கவிழ்த்தேன்.
உடைந்த சிப்பி ஓடு ஒன்று விழுந்தது,
விரல் நகம் அளவு.
எப்போதிலிருந்து?
அவருக்குத் தெரியாது.
செவ்வாய்க்கிழமை துவைத்த உறையில் கறை இருந்தது,
பீட்ரூட் என்றார், என்கிறாள் எடெல்மிரா.

சின்னப் புண்தான்.
கழுவினேன். கட்டினேன்.
சீழ் வைக்கவில்லை, எலும்பைத் தொடவில்லை;
இந்த "இல்லை"களுக்காகத்தான்
இத்தனை டீசல், இத்தனை வாந்தி.
மாத்தேயில் போடும் மூன்று கரண்டிச் சர்க்கரை பற்றி
இன்று நான் வாய் திறக்கவில்லை.
சராசரி எண்ணை மட்டும் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எனதுதானா?" என்றார்.

இறங்கும்போது கேட்டார்:
அந்தத் துண்டு ஒன்று கிடைக்குமா?
தர முடியாது, எல்லாம் கணக்கில் இருக்கிறது.

படகு விலகியதும் திரும்பிப் பார்த்தேன்.
துறைக் கொட்டகையில்
கட்டுப் போடாத காலை நீட்டி அவர்.
வலைப்பெட்டியிலிருந்து நறுக்கிய நரம்போடு
குனிந்திருக்கிறாள் எடெல்மிரா.

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.