நாற்பத்திரண்டாவது பார்

கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸுக்குக் குளிரூட்டி இருந்தது.
வயலின்களுக்காம்.
டச்சுக்குடா வளைவில் அது ஹோன் அடிக்க
நடுத்தெருவில் படுத்திருந்த இரண்டு மான்கள்
மனமில்லாமல் எழுந்து
குப்பைத் தொட்டிப் பக்கம் போயின.

நாங்கள் முப்பத்தொரு பேர்.
ஆஸ்பத்திரித் தாதிமார் நால்வர்,
தபால் கந்தோரிலிருந்து லொறேன் ஒக்கர்ஸ்,
மா ஆலையில் இரவுமுறை முடித்து
இமையில் வெள்ளையோடு வரும் பெஞ்சமின்.
தெனர் குரலுக்கு இரண்டே பேர். மற்றவர்கள் கத்தாரில்.
அதில் ஜெனிஸ்ரன் மட்டும்
வாட்ஸ்அப்பில் இன்னும் ஒத்திகைக்கு வருகிறான்,
அரைச் செக்கன் பிந்தி.

போட்டோக்கொப்பி எடுப்பது என் வேலை. பக்கம் பதினைந்து ரூபாய்.
கோட்டில் தொங்கும் சுரங்கள் எங்களில் யாருக்கும் பிடிபடாது.
தோ ரே மி என்று தமிழில் எழுதிச்
சொல்லுக்கு மேலே பென்சிலால் ஏற்றிவைப்பேன்.
லத்தீனும் தமிழ் எழுத்தில்தான்:
பகரத்தின் கீழ் கோடிருந்தால்
உதட்டை மெதுவாக்க வேண்டும்.

‘நாற்பத்திரண்டாவது பார்’ என்றார் குச்சி பிடித்தவர்.
எதைப் பார்ப்பது என்று கேட்டார் இக்னேசியஸ்,
பகிடிக்கு அல்ல, மெய்யாகவே.
அவருடைய ஆர்மோனியம் தேவையில்லை என்றதால்
அன்றைக்குப் பின்வரிசையில் நின்றார்.
எங்கள் தாளில் எண் கிடையாது.
பிலோமினா அக்கா ஒருமுறை அழுத இடம்,
போன வருஷம் கரண்ட் போன இடம்
என்றுதான் வழி வைத்திருந்தோம்.
இதுவரை தவறியதில்லை.

பிறகு ஓபோக்காரர் ஒற்றைச் சுரத்தை ஊத
முழுக் கூட்டமும் அதற்குக் கீழ்ப்படிந்தது.
நாங்களும் எங்களுடையதை எடுத்தோம்.
மூதூர் லோஞ்சு துறைமேடைக்குக் கீழே நிற்குமே
ஒரு சாண், கால் வைக்கத் துணிய வேண்டுமே,
அவ்வளவு பள்ளம்.
உப்புக்காற்றில் ஆர்மோனியம் இறங்கிக்கொண்டே போனது
கூடவே இறங்கியவர்களுக்கு
எப்படித் தெரியும்?

தாள் பறக்கிறதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள்.
பித்தளைக்கு இடம் வேண்டுமென்று
எங்களைப் பின்னே தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி,
என் முதுகு சுவரின் ஈரத்தைத் தொட்டது.
அவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி.
நாலரை அடித்ததும் வில்லுகள் இறங்கின.
நாங்கள் ஆமெனின் ‘ஆ’வில்
வாயைத் திறந்தபடி நின்றோம்.

தண்ணீர்க் குழாயடியில் செல்லோக்காரப் பெண்
தன் சோற்றுப் பொதியை என் பக்கத்தில் பிரித்தாள்.
ஏப்ரல் காசே இன்னும் வரவில்லையாம்.
ஹோட்டல் கலியாணங்களில்
கேக் வெட்டும்வரை வாசிப்பாளாம், யாரும் திரும்பிப் பார்க்காமல்.
‘நீங்கள் சும்மாவா பாடுகிறீர்கள்?’ என்றாள்.
அது இரக்கமா, பொறாமையா,
முகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.
எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்றும் கேட்டாள்.
அல்ட்டோவில் நாலு பேர், அக்கா.
ஒருத்தி களவாக விட
மூன்று பேர் மறைப்போம்.

கச்சேரி நடந்தது.
ஓரிடத்தில் நன்றாக இருந்தோம்.
ஓரிடத்தில் ட்ரம்பெட் எங்களை விழுங்கி
ஏப்பமும் விட்டது.
வில் திரும்பும் நேரமெல்லாம் அவள்
எங்கள் தோள்களைப் பார்த்தாள்.
நன்றியுரையில் எங்களை மறந்துபோய்,
இறங்கியவர் மறுபடி ஏறிவந்து சொன்னார்.
மிஞ்சிய மூன்று பொதிகளைப் பெஞ்சமின்
ஆலைக்குக் கொண்டுபோனார்.

வியாழக்கிழமை.
இக்னேசியஸ் தூசு தட்டி, துருத்தியை அமுக்கி,
வழமையான சுரத்தைக் கொடுத்தார்.
ஒருவரும் எடுக்கவில்லை.
அது எவ்வளவு கீழே கிடக்கிறதென்று
எல்லோருக்கும் இப்போது கேட்டது,
அவருக்கும்தான். கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை அவர்.
லொறேன் செருமினாள்.
வாங்கின் மேல் கிடந்த போனிலிருந்து
அரைச் செக்கன் பிந்தி
ஜெனிஸ்ரன்
அந்தச் சுரத்திலேயே தொடங்கினான்.