புல எண் தெரியாதவர்

வரைபடத்தை மேசையில் விரித்தால் நிற்பதில்லை.
மேலே சுழலும் ஃபேன் அப்படி.
மூன்று மூலைக்கு மை ஒற்றி, வீட்டுவரி ரசீதுக் கட்டு,
என் சாப்பாட்டு டப்பா.
நாலாவது மூலைக்கு என் இடது கை.

ஃபேன் ஞானதிரவியம் வாங்கிக் கொடுத்தது.
வரைபடமும் அவருடையதுதான்.

கருவேலம்பேரி ஊராட்சி, புல எண் 214/3பி,
நாலு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.
போன பிசானத்தில் அங்கே அம்பை பதினாறு கதிர் சாய்ந்து நின்றது.
இந்தப் பிசானத்தில் மஞ்சள் தலை வைத்த கற்கள்
வரிசை பிசகாமல் நிற்கின்றன.
அறுபத்திரண்டு மனை.
தாமிரா கிரீன் சிட்டி என்று பெயர்.
சிட்டிக்குள் போகச் சுடுகாட்டுப் பாதையில்தான் திரும்பவேண்டும்.
படத்தில் அது
முப்பது அடி அணுகுசாலை.

ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம்
என்று நானே தட்டச்சு செய்து
நானே பலகையில் ஒட்டினேன்,
வெறிநாய்த் தடுப்பூசி முகாமுக்குக் கீழே.
முகாமுக்கு நாலு நாய் வந்தது.

ஆட்சேபணை ஒன்று வந்தது.
பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற நமச்சிவாயம் சார்,
மூன்று பக்கம், அரசாணை எண்களுடன்,
பசுமை, காற்று, வருங்காலத் தலைமுறை.
அவர் வீட்டு மாடிப்படி
ஊராட்சித் தெருவுக்குள் ஒன்றரை அடி இறங்கியிருப்பது
வேறொரு ஃபைலில் இருக்கிறது.
இரண்டு ஃபைலையும் நான் ஒரே பீரோவில்தான் வைக்கிறேன்.

பதினைந்தாம் நாள், சாப்பாட்டுக்கு அப்புறம்,
உச்சிமாகாளி வந்தார். கையில் ஒன்றும் இல்லை.
கடைமடையில் முக்கால் ஏக்கர் பாட்டத்துக்கு அடிக்கிறவர்.
'எழுதித்தான் குடுக்கணுமோ தாயி, சொன்னாப் பத்தாதோ?'
'எழுதணும் அண்ணாச்சி. புல எண் என்ன?'
'அதெல்லாம் தெரியாது.
தண்ணி வடக்காமப் பாத்துப் போயி
நாவமரத்துக்கிட்ட ஒரு நொடி நிக்கும்லா,
நின்னு, பொறவு எங்க பக்கமாத் திரும்பும்.
அந்த எடம்.'

படிவத்தில் பெயர் உண்டு, தகப்பனார் பெயர் உண்டு,
புல எண் உண்டு, உட்பிரிவு உண்டு.
நிற்கிற தண்ணீருக்குக் கட்டம் இல்லை.

படத்தில் தேடினேன்.
கிராம நிர்வாக அலுவலர் தந்த பழைய புலப்பட நகலில்
213 வரைக்கும் வாய்க்கால் வருகிறது, 215இல் மறுபடி கிளம்புகிறது.
நடுவே 214இல் ஒரு மெல்லிய இரட்டைக் கோடு.
ஞானதிரவியத்தின் படத்தில் அந்த இரட்டைக் கோடு இல்லை.
நாவல் நின்ற இடம் பச்சை அடித்த கட்டம்: பூங்கா.
பூங்காவை ஒட்டி, வாய்க்கால் திரும்புகிற முழங்கையில்,
மனை எண் பதினேழு.

பதினேழு என்னுடையது.
ஆவணியில் வளையலை வைத்து ஐம்பதாயிரம் அட்வான்ஸ்.
'பூங்கா பாத்த மனைம்மா, காத்துக்குக் கொறவே இருக்காது,
உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்'
என்றார் ஞானதிரவியம்.
சீட்டு அந்தச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்தான்
நாலாய் மடித்துக் கிடந்தது.
வாடகை வீட்டில் தண்ணீர்க்குடம் மாடியேறுகிற வலி
இடுப்பில் இருந்தது.

உச்சிமாகாளி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
'புதுசோ?'
'ஆமா.'
'நல்லாச் சுத்துது.'

அவருக்கு எழுத வராது. நான்தான் எழுதவேண்டும்.
படிவத்தைப் பிடித்துக்கொள்ள
இடது கையை எடுத்தேன். வரைபடம்
சுடுகாட்டுப் பக்கமிருந்து சுருட்டிக்கொண்டு வந்தது.

என் எழுத்து யூனியன் ஆபீஸ் வரை தெரியும்.
நாலை மேலே மூடாமல் விடுவேன்,
பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.
பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்,
கருவேலம்பேரி கிளார்க் எழுதினது என்று.
ஞானதிரவியமும் சொல்வார்.

இரண்டு, ஒன்று
எழுதிவிட்டு
மூடி எழுதலாமா என்று
ஒரு நொடி நின்றேன்.

மூடாமலே எழுதினேன்.