வாகனம் உண்டா

திசையன்விளை தாண்டி பஸ் நின்றுவிட்டது.
செருப்பைக் கையில் எடுத்தது தப்பு.
மதியத்துத் தேரி மணல்
டீச்சர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

செங்குத்துப் பாறையில் ஏழு பொந்து, ஏழு வீடு.
நார்க்கயிறு இறக்கினார்கள்.
கணக்கெடுப்புத் தாளைப் பல்லில் கடித்தபடி ஏறினேன்.

பெயர் நுரைச்சி.
மகன் அலையாண்டி. கைக்குழந்தை ஓதம்.
ஒருவரும் கடல் பார்த்ததில்லை.
உவரியில்தான் கிடக்கிறதே, ஒரு எட்டு நடந்தால், என்றேன்.
"அது வேற கடலுல்லா. எங்களுது போயிருக்கு."

மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

இந்தச் செம்மண் முழுக்க அவள் படுத்திருந்த பாயாம்.
என்ன கோபமோ, எழுந்து போனவள்
பாயைச் சுருட்டவில்லை.
சுருட்டாமல் போனவள் வராமலா இருப்பாள்?
அதனால் தாழ வீடு கட்டுவது பாவம்.
குடத்தை ஒரு விரல் குறைவாக நிரப்பினால்
அன்றைய பூசை முடிந்தது.
ஆடிக் காற்றில் மணல் இரையும்போது
யாரும் பேசக்கூடாது,
பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம்.

வாகனம் உண்டா? சைக்கிள், ஸ்கூட்டர், கார்?

"வள்ளம் இருக்கு."

கடைசிப் பொந்தில், வௌவால் நாற்றத்துக்கு நடுவில்,
பனந்தடி குடைந்த வள்ளம்.
போன அமாவாசைக்குப் பூசிய புன்னை எண்ணெய்
விரலில் பிசுக்கென்று ஒட்டியது.
ஏழு வீட்டுக்கும் அது ஒன்றுதான்.

எல்லாரும் கொள்ளுமா என்று கேட்டுவிட்டேன்.
நுரைச்சி விரல் மடக்கினாள்,
ஓதம் வரைக்கும் எண்ணி,
என்னைப் பார்த்து
இன்னொரு விரலையும் மடக்கினாள்.
"நெருக்கித்தான் இருக்கணும் டீச்சர்."

ஸ்கூட்டர் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
தாளில் வேறு இடம் இல்லை.