ஏறலாம்

பதினோராம் கிழமை.
வயிறு இன்னும் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லவில்லை,
சட்டைக்கு மட்டும் கொஞ்சம் தெரியும்.
இரத்தம் ஆனால் பேசத் தொடங்கியிருக்குமாம்.

மல்லாவி ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமைக் கிளினிக்.
வெறுவயிற்றோடு வரச் சொன்னதால்
பாண்டியன்குளத்தில் இருந்து முதல் பஸ்ஸில் ஆறு பேர்,
ஒருத்தியும் தேத்தண்ணி குடிக்கவில்லை.
சத்தி எடுக்கிற பிள்ளைக்கு யன்னல் பக்கம் விட்டோம்.

மூன்று குழாய்.
சாம்பல் மூடி இன்றைய சீனிக்கு.
ஊதா மூடி போன மூன்று மாதத்துச் சீனிக்கு:
பிள்ளை தங்க முதலே நான் தின்றதெல்லாம்,
தம்பியின் கலியாணத்துப் பயத்தம் பணியாரம் உட்பட,
அதில் ஒட்டிக் கிடக்குமாம்.
மஞ்சள் மூடி ஐஸ் பெட்டியில் யாழ்ப்பாணம் போய் உறையும்.
அதில் தேடப்போவது வாய்க்குள் நுழையாத ஒரு பெயர்,
அடிப்போனெக்டின்.
ஆருக்கு அது இப்போதே குறைவோ
அவவுக்கு ஆறாம் மாதம் சீனி ஏறலாம்.

"ஏறுமோ மிஸ்?"
"ஏறும் எண்டு இல்லை. ஏறலாம்."

லாம்.
எங்களுக்குப் பழகின சொல்தான்.
அரிசி வரலாம். பாதை திறக்கலாம்.
இந்தப் பக்கம் விழாமலும் விடலாம்.
அந்த இரண்டெழுத்துக்குக் கீழே சாக்கு விரித்துப்
படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஊசி போட்டது திலினி, மதவாச்சிப் பிள்ளை,
தமிழ் பழகுகிறா.
"வலிக்காது அக்கா" என்றா.
வலித்தது.
"வலிக்கலாம்" இன்னும் படிக்கவில்லைப் போல.

பிறகு படிவம்.
மரியநாயகி மிஸ் வாசிக்கிறா, நான் சொல்கிறேன்.
அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததா?
வருத்தம் வருகிற வயதுக்கு அப்பா வரவில்லை.
பேனையைத் தூக்கி வைத்திருந்தா, கொஞ்ச நேரம்.
தெரியாது என்பதற்கும் ஒரு பெட்டி இருந்தது.

நீங்கள் பிறக்கேக்க எத்தனை கிலோ?
நிறை குறைந்து பிறந்தவைக்கும் கூடலாமாம்.
அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
கோழிக்குக் குறுநல் எறிந்துகொண்டே சொன்னா:
தொண்ணூற்றாறு, அக்கராயன்.
சங்கக்கடையில்தான் உன்னை நிறுத்தது.
சீனி உள்ளே விடேல்லை, தராசு சும்மா கிடந்தது.
இரண்டு கிலோப் படி போட நீ மேலே போனாய்.
ஒண்டரை போடக் கீழே வந்தாய்.
இடையிலே போட மனேச்சரிட்டைப் படி இல்லை.

அந்தப் பத்து மாதமும் நீ என்ன சாப்பிட்டாய் என்று
நான் கேட்கவில்லை.
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மிஸ் அப்படியே எழுதினா.
ஒண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில். சீனித் தராசு.
எழுதிவிட்டுத் தானே சிரித்தா. நானும்.

பஞ்சு ஒட்டின கையோடு கன்ரீனுக்குப் போனோம்.
"சீனி போடவோ?" பொடியன் கேட்க
ஆறு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.
அந்தச் சத்தி எடுக்கிற பிள்ளைதான் முதலில்,
"எனக்கு ரெண்டு கரண்டி" என்றது.

பத்து நாளில் முடிவு. தொண்ணூற்று நாலு.
வட்டம் போட்டிருந்தது, சிவப்பால் இல்லை, நீலத்தால்.
மஞ்சள் மூடி சொல்லப்போவதை எனக்குச் சொல்லமாட்டினம்.
நாங்கள் எல்லாரும் பெற்று முடிந்த பிறகுதான்
உறைந்ததைத் திறந்து
ஏறினவை, ஏறாதவை என்று பிரித்துப் பார்ப்பினமாம்.
பிறகு வருகிற ஆரோ ஒருத்திக்குக்
கொஞ்சம் வேளைக்கே தெரியவரலாம்.

சிவப்பரிசி, கோப்பையால் அளந்து.
ஆறாம் மாதம் குளுக்கோஸ் தண்ணி, திரும்பவும் வெறுவயிறு.
இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடை.

நடக்கிறேன்.
சுகிர்தன் ரோர்ச்சோடு பின்னால் வருகிறார்,
இந்த ரோட்டில் ஆனை வரலாம் என்று.